வட்டத்தில் பிறந்த ஆட்டமும் திரையில் வாழும் ஆட்டமும்

வினாவும் அதன் வயதும்

நேருக்கு நேர் நின்று ஆடுவதற்கென்றே தோன்றிய ஒரு நடனம், அதனை நேரில் ஒருமுறையேனும் கண்டிராத கோடிக்கணக்கான ஜனங்களின் கைபேசித் திரைகளில் இன்று இடையறாது ஓடிக்கொண்டிருக்கிறது. இதனால் ஹிப்-ஹாப் நடனம் வளம் பெற்றதா, அன்றித் தன் இயல்பை இழந்ததா என்னும் வினா இணையத்தோடு பிறந்தது என்று பலர் எண்ணக்கூடும். உண்மையில் அதன் வயது நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. 1981ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நடன விமர்சகர் ஸாலி பேன்ஸ், புகைப்படக் கலைஞர் மார்த்தா கூப்பரின் படங்களோடு நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் பிரேக்கிங் ஆட்டத்தைப் பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்தது. அந்நாள் தொட்டு, பத்திரிகை, திரைப்படம், தொலைக்காட்சி, வீடியோ கேசட், யூடியூப், டிக்டாக் என்று ஊடகம் ஒன்றன்பின் ஒன்றாக மாறி வந்திருப்பினும், வினா மட்டும் தீராமலே நிற்கிறது.

இதற்கு இதுகாறும் கூறப்பட்டுள்ள விடைகளை நான்கு நிலைகளாக வகுக்கலாம். ஊடகம் இந்நடனத்தின் உயிரைக் குலைத்தது என்பது முதல் நிலை. ஊடகமே இதன் ஆசானாகவும் ஏடாகவும் இருந்து காத்தது என்பது இரண்டாம் நிலை. காமிரா ஒரு தனி மேடை. அதற்கென ஆடப்படுவது ஒரு தனிக் கலை என்பது மூன்றாம் நிலை. இது கலையைப் பற்றிய வழக்கே அன்று, உரிமையையும் பெயரையும் பற்றிய வழக்கு என்பது நான்காம் நிலை. இந்நான்கையும் ஆடுவோரின் நோக்கில் நின்று, அவற்றின் தோற்றுவாயையும் பலத்தையும் பலவீனத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் உத்தேசம். பார்ப்போரின் நோக்கில் வினவினால், ஓர் ஆட்டம் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதே பெரிதாகத் தோன்றும். ஆடுவோரின் நோக்கிலோ, அது யாரிடமிருந்து வந்தது, அதற்கு யார் விடை தந்தார் என்பவையே முதலிடம் பெறும். இவ்விரு நோக்குகளுக்கும் இடையேயுள்ள தூரந்தான் இவ்விவாதம் முழுவதற்கும் அடிப்படை என்று கருத இடமுண்டு.

வட்டத்தின் சம்பிரதாயம்

ஊடகம் எதை மாற்றியது என்பதை அறிய, மாறுவதற்கு முன் இருந்தது இன்னதென்று தெளிதல் வேண்டும். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்னும் குடியிருப்புக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் சிண்டி காம்ப்பெல் என்னும் பெண் ஏற்பாடு செய்த விருந்தில், ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய அவருடைய சகோதரர் கிளைவ் காம்ப்பெல், அதாவது டி.ஜே. கூல் ஹெர்க், இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாடகர் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் 'பிரேக்' என்னும் பகுதிக்காகவே காத்திருந்து களத்தில் குதிப்பவர்களைக் கண்ட அவர், ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளைக் கொண்டு அச்சிறு பகுதியை நீட்டிக் கொடுக்கும் முறையைக் கையாண்டார். அத்தாளத்திற்கு ஆடியவர்களே பி-பாய்கள், பி-கேர்ள்கள் எனப்பட்டனர். முதலில் கறுப்பின இளைஞர்களிடையே வளர்ந்த இவ்வாட்டத்தை, எழுபதுகளின் பிற்பகுதியில் புவேர்ட்டோ ரிக்கோ வமிசத்து இளைஞர்களும் ஏற்று விரிவுபடுத்தினர். 1977இல் பிராங்க்ஸில் தோன்றிய ராக் ஸ்டெடி க்ரூ அவ்வளர்ச்சியின் பிரசித்தி பெற்ற அடையாளம்.

இவ்வாட்டம் நிகழ்ந்த இடம் 'சைஃபர்' என்னும் வட்டம். சுற்றி நிற்போர் அனைவரும் ஆடுவோராகவோ, ஆடத் துணிவோராகவோ இருப்பர். அடுத்து எந்த இசைத்தட்டு ஒலிக்கும் என்பது எவருக்கும் தெரியாது. ஒருவர் நின்ற நிலையில் டாப்ராக் ஆடி உள்ளே வந்து, தரையிலிறங்கி ஃபுட்வொர்க் செய்து, ஃப்ரீஸ் ஒன்றில் உடலை உறையவைத்து முடித்ததும், அதனைக் கண்டிருந்த மற்றொருவர் தம் உடலாலேயே அதற்கு விடை தரக் கடமைப்பட்டவராகிறார். பிறர் அசைவை அப்படியே எடுத்தாளுவது 'பைட்டிங்' எனப்படும் அவமானம். அதனை எடுத்துத் தன்னுடையதாக மாற்றி, அதன் மூலம் இன்னாரென்று அறிந்து ஆடுவதோ மரியாதை. ஒவ்வொருவரும் மற்றொருவருக்குக் கற்றுத் தர வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஜோசஃப் ஷ்லாஸ் 2009இல் வெளியிட்ட 'ஃபவுண்டேஷன்' என்னும் ஆய்வு நூல், அசைவுகளும் அவற்றின் பெயர்களும் அவற்றைப் படைத்தோரின் சரித்திரமும் இவ்வாறு மனிதரிடமிருந்து மனிதருக்குக் கைமாறும் பரம்பரையை விரிவாக எடுத்துக்காட்டுகிறது. ஆகவே வட்டத்தில் பார்வை என்பது ஒரு பொறுப்பு. பார்த்தவர் பதில் தரவேண்டும், எடுத்தவர் ஒப்புக்கொள்ளவேண்டும். இவ்விரு கடமைகளையும் மனத்திலிருத்திக்கொண்டு நான்கு நிலைகளையும் அணுகுவோம்.

முதல் நிலை: ஊடகம் உயிரைக் குலைத்தது

இந்நிலைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1981 முதல் 1986 வரையிலான குறுகிய காலத்தின் சரித்திரம். 1981 ஆகஸ்டில் லிங்கன் சென்டரின் திறந்தவெளி விழாவில் ராக் ஸ்டெடி க்ரூவும் டைனமிக் ராக்கர்ஸும் மோதினர். 1983இல் 'வைல்ட் ஸ்டைல்' திரைப்படமும் 'ஸ்டைல் வார்ஸ்' ஆவணப்படமும் வெளிவந்தன. அதே ஆண்டில் 'ஃப்ளாஷ்டான்ஸ்' என்னும் ஹாலிவுட் படம் ராக் ஸ்டெடி க்ரூவின் தெரு ஆட்டத்தைச் சில விநாடிகள் காட்டியதன் மூலம் உலகெங்குமுள்ள இளைஞரைக் கவர்ந்தது. 1984இல் 'பிரேக்கின்', 'பீட் ஸ்ட்ரீட்' என்னும் படங்கள் வந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் நிறைவு விழாவிலும் இவ்வாட்டம் இடம்பெற்றது. அதன்பின் இரண்டொரு ஆண்டுகளுக்குள், தாமே ஏற்றிவைத்த மோகம் தணிந்துவிட்டதென்று ஊடகங்கள் முடிவுகட்டி அகன்றன.

இக்காலத்தில் நடனத்தின் உருவமே மாறியது என்பது ஸாலி பேன்ஸ் தாமே எண்பதுகளின் நடுவில் எழுதியவற்றில் காணப்படும் அவதானிப்பு. பார்வையாளரின் கண்ணுக்கு உடனே புலனாகும் சுழற்சிகளும் சாகசங்களும் பெருகின. எதிராளியைக் கேலி செய்யும் நுட்பமான ஃப்ரீஸ்களும், தரையோடு தரையாக நிகழும் கால்வேலையும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. மேலும், பிராங்க்ஸில் பிறந்த பிரேக்கிங், லாஸ் ஏஞ்சலிஸில் டான் காம்ப்பெல் தோற்றுவித்த லாக்கிங், கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் பூகலூ ஸாம் வளர்த்த பாப்பிங் ஆகிய மூன்றும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு இசைகளுக்கு உருவானவை. ஊடகம் அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி விற்றது என்பதும் இந்நிலையினரின் நியாயமான புகார். இந்நிலைக்குக் கோட்பாட்டுத் துணையும் உண்டு. வால்ட்டர் பெஞ்சமின் 1936இல் இயந்திரப் பிரதியால் கலைப்பொருளின் பிரத்தியட்ச மகிமை தேய்வதைப் பற்றி எழுதினார். 1993இல் பெக்கி ஃபெலன், நிகழ்த்துகலையின் உயிர் நிகழும் கணத்தில் மட்டுமே உண்டு என்றும் பதிவானது வேறொன்றாகிவிடும் என்றும் வாதித்தார்.

ஆயினும் இந்நிலைக்குச் சில பலவீனங்கள் உண்டு. வட்டத்தை மாசற்ற ஆதிநிலையாகக் கற்பிப்பது சரித்திரத்திற்குப் பொருந்தாது. நியூயார்க்கின் வட்டங்கள் தொடங்குமுன்பே தொலைக்காட்சி கறுப்பின இளைஞரின் நடனத்தில் கலந்திருந்தது. டான் கார்னிலியஸ் 1970இல் சிகாகோவில் தொடங்கி 1971இல் நாடெங்கும் ஒளிபரப்பாகிய 'ஸோல் ட்ரெய்ன்' நிகழ்ச்சியில் இளைஞர்கள் இரு வரிசையாக நின்று நடுவழியே ஆடி வருவதை ஜனங்கள் வாரந்தோறும் கண்டு கற்றனர். 'லாக்கர்ஸ்' குழுவினரைத் தொலைக்காட்சியில் கண்டு பெற்ற உந்துதலே பூகலூ ஸாமைப் புதியதோர் ஆட்டமுறைக்கு இட்டுச் சென்றது என்பர். எனவே பாப்பிங் என்னும் ஆட்டத்தின் பிறப்பிலேயே ஊடகத்திற்கு ஒரு பங்கு உண்டு. ஃபிலிப் ஆஸ்லாண்டர் 1999இல் ஃபெலனுக்கு எதிராக வைத்த வாதமும் இவ்விடத்தில் கருதத்தக்கது: 'நேரடி' என்னும் எண்ணமே பதிவுக் கருவிகள் வந்தபின்தான் பொருள் பெற்றது என்பது அவர் கொள்கை.

இரண்டாம் நிலை: ஊடகமே ஆசான்

1986க்குப் பின் நியூயார்க்கில் இவ்வாட்டம் நலிந்தபோது அதனைக் காத்தவை எவை என்னும் கேள்வியே இரண்டாம் நிலையின் தொடக்கம். 1983இல் 'வைல்ட் ஸ்டைல்' படத்தின் விளம்பரத்திற்காக அதன் கலைஞர்கள் ஜப்பான் சென்றனர். அதன் பின்னர் டோக்கியோவின் யோயோகி பூங்காவில் இளைஞர்கள் ஆடத் தொடங்கினர். 1990இல் ஜெர்மனியின் ஹனோவரில் தோன்றிய 'பேட்டில் ஆஃப் தி இயர்' போட்டியின் வீடியோ கேசட்டுகள் நாடு நாடாகக் கைமாறின. ஒருவரிடமிருந்து ஒருவர் பிரதியெடுத்து, படம் மங்கிப்போகும் அளவிற்கு அவற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஓர் அசைவின் இடுப்புத் திருப்பம் எங்கே தொடங்குகிறது என்று ஆராய்ந்த தலைமுறை ஒன்று அக்காலத்தில் உருவாயிற்று.

இதற்குத் தென்கொரியா தெளிவான சான்று. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு கொரிய-அமெரிக்கர் லாஸ் ஏஞ்சலிஸ் போட்டி ஒன்றின் வீடியோ கேசட்டை சியோலுக்குக் கொண்டுசென்றார். அதைக் கண்டு பயின்றோருள் 'எக்ஸ்பிரெஷன் க்ரூ'வினரும் இருந்தனர். அக்குழு 2002இல் 'பேட்டில் ஆஃப் தி இயர்' பட்டத்தை வென்றது. 2004இல் 'கேம்ப்ளர்ஸ்', 2005இல் 'லாஸ்ட் ஃபார் ஒன்' என்று மற்ற கொரியக் குழுக்கள் தொடர்ந்தன. ஒருவரையொருவர் சந்தித்திராத ஆட்டக்காரர்கள் வீடியோக்களின் வழியே தம்மை ஒரே குடும்பத்தவராக உணர்கின்றனர் என்று மேரி ஃபோகார்ட்டி என்னும் ஆய்வாளர் காட்டியிருப்பது இவ்வனுபவத்திற்குப் பொருந்தும். 2005இல் யூடியூப் வந்தபின், மாதக் கணக்கில் பயணம் செய்த கேசட்டின் வேலையைச் சில நிமிஷங்கள் செய்தன. காபூல் நகரில் ஒருவர் தலையைத் தரையிலூன்றிச் சுழலும் வீடியோவை இணையத்தில் கண்டு ஆடத் தொடங்கிய மனிழா தலாஷ், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் களத்தில் அகதிகள் அணியின் சார்பில் நின்றார். பெண்கள் ஆடுவதே ஆபத்தாயிருந்த ஒரு நாட்டில், எந்த வட்டமும் அவரைத் தேடி வந்திருக்கப் போவதில்லை.

தமிழகத்திற்கும் இவ்வாட்டம் வட்டத்தின் வழியாக வரவில்லை, திரையின் வழியாகவே வந்தது. 1983 மே மாதம் ஒளிபரப்பான 'மோட்டவுன் 25' தொலைக்காட்சி விழாவில் மைக்கேல் ஜாக்ஸன் பின்னோக்கி வழுக்கி நடந்த நடை உலகெங்கும் பரவியது. அது ஜாக்ஸனுடைய சிருஷ்டியென்று ஜனங்கள் நம்பினாலும், அமெரிக்காவின் மேற்குக் கரையோரத் தெரு ஆட்டக்காரர்கள் அதனை முன்னரே ஆடிவந்தனர். 1982இல் ஜெஃப்ரி டேனியல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அதனை ஆடிக் காட்டினார். அதற்கும் பல்லாண்டுகள் முன்னரே, ஐம்பதுகளில், டாப் நடனக் கலைஞர் பில் பெய்லி அத்தகைய நடையைப் படமாக விட்டுச் சென்றிருக்கிறார். அவ்வலையின் ஒரு கிளை, 1994இல் வெளிவந்த 'காதலன்' போன்ற படங்களில் பிரபுதேவாவின் உடலில் வேறொரு துள்ளலும் நெளிவும் சேர்ந்து தமிழ் இளைஞரை அடைந்தது. கோயில் திருவிழா மேடைகளிலும் கல்லூரி விழாக்களிலும் 'பிரேக் டான்ஸ்' ஆடிய இளைஞர்களுக்குத் திரையே குரு.

இந்நிலையின் பலவீனம் மேற்கண்ட உதாரணத்திலேயே அடங்கியிருக்கிறது. திரை அசைவைத் தருகிறது. அதன் மூலத்தைத் தருவதில்லை. கேசட்டுக் காலத்தில் அதைக் கொண்டுவந்தவர், இது இன்னார், இது இந்த ஊர் என்று உடனிருந்து சொல்ல நேர்ந்தது. ஒழுங்கின்றிப் பெருகிவரும் இணைய வீடியோக்களில் அவ்விளக்கம் கழன்று விடுகிறது. எல்லாரும் ஒரே வீடியோவிலிருந்து கற்பதால் ஊருக்கு ஊர் இருந்த தனிப்பாணிகள் மங்குகின்றன என்னும் ஆக்ஷேபணையையும் மூத்த ஆட்டக்காரர் பலர் எழுப்புகின்றனர். கொரியரின் துல்லியமும் பிரெஞ்சுக்காரரின் பாணியும் வீடியோக் காலத்திலேயே தனித்துத் துலங்கியதை நோக்கும்போது இவ்வாக்ஷேபணையை முழுமையாக ஏற்பதற்கில்லை; புறக்கணிப்பதற்கும் இல்லை.

மூன்றாம் நிலை: காமிராவே மேடை

மூன்றாம் நிலையினர் இழப்பு, பாதுகாப்பு என்னும் இரு கணக்குகளையும் விடுத்து, திரைக்கென்று ஆடப்படும் நடனத்தை ஒரு தனிச் சிருஷ்டியாகக் காண்கின்றனர். இக்கருத்து ஹாலிவுட் நடனப்படங்களின் காலத்திலேயே வேரூன்றியது. முப்பதுகளில் ஃப்ரெட் அஸ்டேர், தம் உடல் தலைமுதல் கால்வரை சட்டகத்திற்குள் தெரிய வேண்டும் என்றும், காட்சியை அடிக்கடி வெட்டக்கூடாது என்றும் வற்புறுத்தியது, காமிரா நடனத்திற்கு அடங்கி நிற்க வேண்டுமென்னும் கொள்கையின் பிரசித்த உதாரணம்.

அக்கொள்கை இணையக் காலத்தில் உயிர் பெற்றதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 2009இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரத் தெருமுனை ஒன்றில், சாலை விபத்தில் இறந்துபோன ஓர் இளைஞரின் நினைவாக, 'டர்ஃப் ஃபீன்ஸ்' குழுவினர் கொட்டும் மழையில் ஆடியதை 'யாக் ஃபிலிம்ஸ்' படமாக்கி வெளியிட்டது. போக்குவரத்து விளக்கும் ஈரச் சாலையும் நகரும் வாகனங்களும் சூழ, கால்விரல் நுனியில் சுழன்றும் நீரில் வழுக்கியும் அவர்கள் ஆடிய அஞ்சலியில், காமிரா அவசரப்படாமல் அவர்களோடு நடந்தது. ஓக்லாந்தின் டர்ஃபிங் ஆட்டத்தை அதுவரை அறியாதோர் அதனை அறிந்தது மட்டுமன்றி, எந்த ஊரில், எந்தத் துயரத்தில் அது ஆடப்பட்டது என்பதையும் அறிந்தனர். 2010இல் சான் டியேகோவில் நடந்த 'வேர்ல்ட் ஆஃப் டான்ஸ்' விழாவில் பிரான்ஸ் நாட்டு இரட்டையர் 'லே ட்வின்ஸ்' ஆடிய வீடியோ பரவியதன் பயனாக, அவர்கள் மறு ஆண்டே பாடகி பியான்ஸேயின் மேடையில் ஆடினர். முழு ஆட்டத்தையும், முகத்தையும் பெயரையும் சேர்த்தே அவ்வீடியோ கொண்டுசென்றது.

இதற்கு நேர் எதிரான சட்டகமும் உண்டு. டிக்டாக் முதலிய செயலிகளின் நெட்டுக்குத்தான திரையில், ஒருவர் கைபேசியை எதிரே நிறுத்தி, நின்ற இடத்திலேயே பதினைந்து விநாடிகளுக்கு ஆடும் ஆட்டத்தில், கைகளும் மார்பும் முகமும் பேசுகின்றன. தரையும் கால்களும் பெரும்பாலும் மறைகின்றன. எல்லாத் திசைகளிலும் நின்று பார்க்கப்பட்ட உடல், ஒரே திசையை நோக்கி நிற்கக் கற்றுக்கொள்கிறது. அடுத்து என்ன ஒலிக்கும் என்றறியாது இசைக்குச் செவிசாய்த்து ஆடும் ஆற்றல் இங்கே தேவைப்படுவதில்லை. பாட்டின் எந்தத் துண்டு என்பது முன்னரே முடிவானது. இதனைக் குறையென்று மட்டும் கூறலாகாது. எளிய அசைவுகளைக் கொண்ட இவ்வாட்டம், ஆடத் தயங்கிய கோடிக்கணக்கானோரைக் கூடத்தில் எழுந்து நிற்க வைத்தது. ஹார்மனி பென்ச் 2020இல் வெளியிட்ட நூலில் காட்டுவது போல, இணையத்தில் உலவும் அசைவுகள் ஒருவகைப் பொதுச் சொத்தாகி ஜனங்களை இணைக்கின்றன. ஒரு வீடியோவைக் கண்டவர் தாமும் ஆடி வெளியிடுவது வட்டத்தில் நிகழும் விடையிறுப்பின் மறுபிறப்பே என்று இந்நிலையினர் வாதிப்பதில் நியாயமில்லாமல் இல்லை.

ஆனால் வட்டத்தின் விடை மாற்றத்தைக் கோருகிறது. செயலியின் விடையோ பெரும்பாலும் ஒப்புமையைக் கோருகிறது. வட்டத்தில் அவமானமாகக் கருதப்பட்ட நகல், செயலியில் பங்கேற்பின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. மூன்றாம் நிலையினர் புதிய மேடையின் அழகை விளக்குமளவிற்கு, இவ்வறத் தலைகீழ் மாற்றத்தை விளக்கியதாகத் தெரியவில்லை.

நான்காம் நிலை: உரிமையும் பெயரும்

2019 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் பதினான்கு வயதுச் சிறுமி ஜலையா ஹார்மன், கே கேம்ப் என்பவரின் பாடலுக்கு 'ரெனிகேட்' என்னும் வேகமான ஆட்டம் ஒன்றை அமைத்து வெளியிட்டார். அது டிக்டாக்கில் புகுந்து, பல லட்சம் ரசிகர்களை உடைய வெள்ளையின நட்சத்திரங்களால் ஆடப்பட்டு உலகப் பிரசித்தி பெற்றபோது, அமைத்தவரின் பெயர் எங்கும் காணப்படவில்லை. 2020 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி எழுதிய பின்னரே உண்மை வெளிவந்தது. அம்மாதமே சிகாகோவில் நடந்த கூடைப்பந்து நட்சத்திர விழாவில் அவர் தம் ஆட்டத்தைத் தாமே ஆடினார். 2021 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நட்சத்திரம் இத்தகைய ஆட்டங்கள் பலவற்றை அமைத்தோர் பெயர் கூறாது ஆடிக் காட்டியதும் கண்டனம் எழுந்தது. அமைத்தோர் பின்னர் அதே நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டனர். அவ்வாண்டு ஜூனில் கறுப்பின இளைஞர் பலர், புதிய பாடலுக்கு ஆட்டம் அமைக்க மறுத்து ஒருவகை வேலைநிறுத்தம் செய்தனர்.

இப்புகாரும் இணையத்தோடு பிறந்ததன்று. 'ஃப்ளாஷ்டான்ஸ்' படத்தின் கதாநாயகிக்காகப் பெரும்பகுதி ஆடிய மரீன் ஜஹானின் பெயர் படத்தின் பெயர்ப் பட்டியலில் இல்லை. இறுதிக் காட்சியில் முதுகால் சுழன்றவர் பெண் வேடமிட்ட கிரேஸி லெக்ஸ் என்பதை ரசிகர்கள் பின்னரே அறிந்தனர். சட்டத்தின் சரித்திரமும் இதுவே. லோயி ஃபுல்லர் தம் ஆட்டத்திற்கு உரிமை கோரிய வழக்கில், கதை சொல்லாத ஆட்டத்திற்கு உரிமையில்லை என்று 1892இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடன அமைப்புகளுக்கு வெளிப்படையான பாதுகாப்பு 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே வந்தது. அப்பொழுதும் ஜனங்கள் பொதுவாக ஆடும் ஆட்டங்களும் எளிய அசைவுத் தொடர்களும் அதற்குப் புறம்பாயின. 2018 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டு தம் அசைவுகளை அனுமதியின்றி விற்றதாக ராப் கலைஞர் டூ மில்லி, நடிகர் அல்ஃபான்ஸோ ரிபேய்ரோ முதலியோர் வழக்குத் தொடுத்தனர். ரிபேய்ரோவின் ஆட்டம் எளிய தொடர் என்று பதிவு அலுவலகம் மறுத்தது. அவ்வழக்குகள் 2019இல் திரும்பப் பெறப்பட்டன. எனினும் நடன அமைப்பாளர் கைல் ஹனகாமி தொடுத்த வழக்கில் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், நடனத்தைத் தனித்தனி நிலைகளாகப் பிரித்துப் பார்ப்பது தகாது, காலமும் வேகமும் இடைமாற்றமும் சேர்ந்ததே நடனம் என்னும் கருத்தில் கீழ்நீதிமன்றத்தின் தள்ளுபடியை மாற்றியது. ஆடுவோருக்கு இது அற்பமான வெற்றியன்று.

ஆயினும் சட்டத்தின் வழியே நியாயம் முழுமையாகக் கிட்டுமா என்பது ஐயத்திற்குரியது. ஜக்வெல் நைட் 2020இல் பியான்ஸேயின் 'சிங்கிள் லேடீஸ்' பாடலின் நடன அமைப்பிற்கு உரிமைப் பதிவு பெற்றது நடன அமைப்பாளருக்குப் பெருமை தரும் செய்தி. ஆனால் அந்நடனத்திற்கான உந்துதலை, 1969இல் பாப் ஃபாஸி அமைத்த ஓர் ஆட்டத்தை யூடியூபில் கண்டு பெற்றதாகப் பியான்ஸே கூறியிருக்கிறார். நடனத்தில் எதுவும் ஒருவரிடமிருந்தே தொடங்குவதில்லை. 2015இல் நடன உரிமையின் சரித்திரத்தை எழுதிய ஆந்தியா க்ரவுட், யாருக்கு உரிமை கிட்டியது என்பதில் இனமும் பாலும் எவ்வளவு பங்கு வகித்தன என்று காட்டுகிறார். உறுதியாக அமைத்து எழுதப்பட்ட ஆட்டத்தைச் சட்டம் காக்கிறது; வட்டத்தில் கணத்தில் பிறந்த ஆட்டத்தை அது காணவும் இயலாது. அசைவுகள் அனைத்திற்கும் உரிமையாளர் ஏற்படுவாராயின், அடுத்த தலைமுறை ஆடுவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கும். எடுத்துக்கொள், மாற்று, மூலத்தைச் சொல் என்னும் வட்டத்தின் பழைய விதி, சட்டத்தினும் நுட்பமானது. அதன் குறை, ஒருவரையொருவர் அறிந்தோரிடையே மட்டும் செல்லுபடியாவது.

பாரிஸ் 2024: நான்கு நிலைகளும் சந்தித்த இடம்

2024 ஆகஸ்டு 9, 10 ஆகிய நாட்களில் பாரிஸின் கொங்கார்ட் சதுக்கத்தில் பிரேக்கிங் முதன்முறையாக ஒலிம்பிக் விளையாட்டாயிற்று. நுட்பம், சொல்வளம், செயற்பாடு, தனித்தன்மை, இசையுணர்வு என்னும் ஐந்து அளவுகோல்களைக் கொண்டு ஒன்பது நடுவர்கள் மதிப்பிட்டனர். ஆடுவோர் எந்த இசைக்கு ஆடப்போகிறோம் என்பதை முன்னறியாதிருக்கும் சம்பிரதாயமும் காக்கப்பட்டது. ஜப்பானின் அமியும் கனடாவின் ஃபில் விஸர்டும் தங்கம் வென்றனர். 'வைல்ட் ஸ்டைல்' கலைஞர்கள் டோக்கியோ சென்று நாற்பத்தோராண்டுகளுக்குப் பின் ஜப்பானுக்குக் கிட்டிய இத்தங்கம், இரண்டாம் நிலையினர் பெருமிதத்தோடு சுட்டத்தக்கது.

ஆனால் அவ்விரு நாட்களில் உலகம் அதிகமாகக் கண்ட வீடியோ அமியினுடையது அன்று. ஒரு சுற்றிலும் ஒரு வாக்கும் பெறாத ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ரேய்கனின் சில விநாடி அசைவுகள் வெட்டி எடுக்கப்பட்டு, கேலிக்குரியவையாகக் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தன. அவரது ஆட்டம் அத்தரத்திற்கு உரியதா, தேர்வு முறை சரியா என்பவை ஆடுவோரிடையேயும் தீவிரமாக விவாதிக்கப்பட்ட விஷயங்கள், அவ்விவாதம் நேர்மையானது. கேலியோ வேறு வகை. வட்டத்தில் ஒருவர் தோற்றால், தோற்கடித்தவர் எதிரே நிற்பார். தோற்றவர் மறுநாள் மீண்டும் வருவார். திரையில் கேலி செய்தோருள் பெரும்பான்மையோர் எதிரே நின்றதுமில்லை, ஆடியதுமில்லை. அதே களத்தில், ஆப்கன் பெண்களின் விடுதலையை வேண்டும் வாசகம் பொறித்த மேலங்கியை விரித்ததற்காக மனிழா தலாஷ் தகுதியிழந்தார். தெருவில் இயல்பாயிருந்த பேச்சுரிமைக்கு ஊடகப் பெருமேடை விதிக்கும் எல்லையை இது உணர்த்துகிறது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் இடம்பெறவில்லை. அம்முடிவு பாரிஸ் போட்டிக்கு முன்னரே எடுக்கப்பட்டதாயினும், தம்மை ஊடகம் ஏற்றி இறக்கிய 1986ஐ மூத்தோர் நினைவுகூர்ந்ததில் வியப்பில்லை.

மதிப்பீடும் எஞ்சும் வினாக்களும்

நான்கு நிலைகளையும் ஒப்புநோக்கும்போது, காமிரா நன்றா தீதா என்று பொதுவில் கேட்பது பயனற்றது என்னும் முடிவிற்கு வரவேண்டியிருக்கிறது. ஓக்லாந்தின் மழை வீடியோவும் 'ரெனிகேட்' ஆட்டமும் இரண்டும் இணைய வீடியோக்களே. ஒன்று ஆடியோரை ஊரோடும் பெயரோடும் காட்டியது, மற்றொன்று பரவும் வழியில் பெயரை உதிர்த்தது. கொரிய இளைஞர் கேசட்டைக் கண்டு ஆண்டுக் கணக்கில் பயின்று களத்தில் வந்து விடை தந்தனர். ரேய்கனை இகழ்ந்தோர் விடையேதும் தராது கடந்து சென்றனர். ஆகவே பார்த்தவர் பதில் தரவேண்டும், எடுத்தவர் ஒப்புக்கொள்ளவேண்டும் என்னும் வட்டத்தின் இரு கடமைகளை எந்த ஊடகம், எந்த அமைப்பில், எவ்வளவு காத்தது என்பதே பொருத்தமான அளவுகோலாகத் தோன்றுகிறது. இவ்வளவுகோலால் அளந்தால், பழமையான ஊடகம் நல்லது, புதியது கெட்டது என்னும் எளிய வரிசை நில்லாது. 1983இன் ஹாலிவுட்டும் 2019இன் செயலியும் ஒரே குற்றத்திற்கு ஆளாகின்றன. மங்கிய கேசட்டும் மழைத்தெரு வீடியோவும் ஒரே பாராட்டிற்கு உரியவையாகின்றன.

இதனால் தீராத வினாக்கள் சில. அறிமுகமானோரிடையே வழங்கிய ஒப்புக்கொள்ளும் மரபை, ஒருவரையொருவர் அறியாத கோடிக்கணக்கானோரிடையே நிலைநாட்டும் வழி யாது? ஆட்டத்தை அமைத்தோர் பெயரைக் குறிப்பிடும் வழக்கம் 2020க்குப் பின் செயலிகளில் ஓரளவு பரவியிருப்பது நம்பிக்கை தருகிறது. அது மரியாதையாகவே நீடிக்குமா, வெறும் சடங்காகிவிடுமா என்பது இனித்தான் தெரியும். இரண்டாவதாக, இந்நடனத்தின் சரித்திர ஏடு இன்று வர்த்தக நிறுவனங்களின் கையில் இருக்கிறது. 2017இல் 'வைன்' மூடப்பட்டது. 2020 ஜூன் இறுதியில் இந்திய அரசு டிக்டாக்கைத் தடைசெய்தது. பாடல் உரிமைக் கோரிக்கைகளால் பல போட்டி வீடியோக்களின் ஒலி நீக்கப்பட்டு, எந்தத் தாளத்திற்கு அவ்வுடல் விடை தந்தது என்பதே தெரியாத ஊமை ஆட்டங்களாக அவை நிற்கின்றன. இவ்வேட்டைக் காக்கும் பொறுப்பு யாருடையது? மூன்றாவதாக, திரையில் மட்டுமே கற்கும் ஒரு தலைமுறை, அசைவுகளோடு அவற்றிற்குரிய கடமைகளையும் பெற முடியுமா? காபூலின் மனிழாவும் சியோலின் குழுக்களும் முடியும் என்பதற்குச் சான்று. எனினும் அவர்கள் அனைவரும் திரையிலிருந்து எழுந்து சென்று, எங்கோ ஒரு வட்டத்தைத் தேடி அடைந்தவர்கள் அல்லது தாமே அமைத்துக்கொண்டவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

எனவே ஊடகத்தை விலக்குவதாலோ வழிபடுவதாலோ இவ்வினா தீரப்போவதில்லை. ஆடுவோர் தம் மூலங்களைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளும் பழக்கத்தையும், கண்ட ஆட்டத்திற்குத் தம் உடலால் மாற்றி விடை தரும் பயிற்சியையும் திரைக்கு வெளியே எவ்வளவு உறுதியாகக் காக்கின்றனரோ, அவ்வளவிற்கே திரையும் அவர்களுக்குப் பயன்படும் என்று, இன்றுள்ள சான்றுகளைக் கொண்டு, அடக்கமாகக் கூறலாம்.